மெத்தைக்குள் இருந்த தடிமன்

என் மகளின் மூக்கில், நுனிக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு மெல்லிய கோடு இருந்தது. நகத்தால் கீறியது போலத் தெரியும். குளிப்பாட்டும்போது எத்தனையோ நாள் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன், போகவில்லை. அது அழுக்கும் இல்லை, தழும்பும் இல்லை. மூன்று வருடங்களாக உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து விழுந்த மடிப்பு. இதை எனக்குச் சொன்னவர் ஒரு பெண் வைத்தியர். நெஞ்சில் குழாயை வைப்பதற்கு முன்பே பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலையில் எழுந்தவுடன் தும்முகிறாளா?" என்று கேட்டார்.

எழுந்தவுடன் தும்முவாள். கண்ணைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். பத்து, பன்னிரண்டு தும்மல். பிறகு தண்ணீர் போல மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், அண்ணம் அரிக்கிறது என்று நாக்கால் தேய்த்து ஒரு சத்தம் எழுப்புவாள். பாடசாலைக்குப் போய் இரண்டாம் பாடம் ஆகும்போது எல்லாம் அடங்கிவிடும். இரவில் மூக்கடைப்பு, வாயால் மூச்சு. மாரி காலத்தில் இருமலும் நெஞ்சில் சீழ்க்கைச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். கண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு கருமை. தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம்.

நாங்கள் இதைத் தடிமன் என்றே அழைத்தோம். தடிமனுக்கு என்ன செய்வார்களோ அத்தனையும் செய்தோம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். தயிரை நிறுத்தினேன். வாழைப்பழம், தோடம்பழம், இளநீர், ஐஸ்கிறீம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். தலை முழுகுவதைக் கிழமைக்கு ஒரு நாளாகக் குறைத்தேன். தம்பலகாமத்திலிருந்து வரும் எருமைத் தயிர்ச் சட்டி மேசையில் இருக்க, அவள் அதைப் பார்த்துக்கொண்டே வெறும் சோறு சாப்பிட்ட நாட்கள் உண்டு. அந்தத் தயிருக்கும் அவள் தும்மலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

எனக்கும் அதே வருத்தம்தான். நான் வீட்டு முன்னறையில் தையல் வேலை செய்கிறேன். சாரிச் சட்டை, பாடசாலைச் சீருடை, தலையணை உறை. வெட்டிய துணியின் நுண்ணிய பஞ்சு மெஷினைச் சுற்றி எப்போதும் பறக்கும். ஆகவே என் தும்மலுக்குக் காரணம் துணிதான் என்று நான் தீர்மானித்துவிட்டேன், பிள்ளையின் தும்மலுக்கும் என் தொழில்தான் காரணம் என்ற குற்ற உணர்வு வேறு. முகக்கவசம் போட்டுத் தைத்தேன். மெஷினைப் பின்விறாந்தைக்கு மாற்றினேன். எந்த மாற்றமும் இல்லை.

தொழிலையே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் மூதூரில் தங்கையின் மச்சாளுக்குக் கலியாணம் வந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போய் எட்டு இரவுகள் தங்கினேன். சீமெந்துத் தரையில் பன்பாய் விரித்துப் படுத்தோம். பகல் முழுவதும் தங்கையின் பழைய மெஷினில் சட்டைகள் தைத்தேன், நம் வீட்டில் பறப்பதைவிட அதிகமாகவே பஞ்சு பறந்தது. மூன்றாம் நாள் காலையில்தான் கவனித்தேன், இரண்டு பேரும் தும்மாமல் எழுந்திருக்கிறோம். ஐந்தாம் நாள் இரவு மகள் வாயை மூடிக்கொண்டு உறங்கினாள். திருகோணமலைக்குத் திரும்பி உவர்மலையில் எங்கள் கட்டிலில் படுத்த முதல் இரவு, விடியற்காலை நான்கு மணிக்கே தும்மல் தொடங்கிவிட்டது.

அன்று ஒரு பழைய அளவுக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். என்ன திகதி, எத்தனை மணிக்குத் தும்மல், எந்த அறை, அதற்கு முன் என்ன செய்தோம், மழையா வெயிலா. ஐந்து கிழமை எழுதினேன். ஒவ்வாமை இருக்குமோ என்று சந்தேகப்படும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பணம் செலவழித்துச் சோதனைக்குப் போவதற்கு முன் எழுதிப் பாருங்கள். தையல் வேலை நடந்த நேரத்தில் எங்கள் கொப்பியில் அநேகமாக எதுவும் பதிவாகவில்லை. பதிவானதெல்லாம் படுக்கையில் இருந்த நேரமும், விரிப்பு உதறிய நேரமும், அலுமாரியிலிருந்து பழைய துணி எடுத்த நேரமும்தான்.

வைத்தியர் அந்தக் கொப்பியை ஒரு பக்கம் விடாமல் வாசித்தார். பிறகு சாதாரணத் தடிமனையும் ஒவ்வாமையையும் எப்படிப் பிரித்தறிவது என்று விளக்கினார். வைரஸால் வரும் தடிமன் பெரும்பாலும் ஒரு கிழமை, பத்து நாளில் போய்விடும். தொண்டை நோவு, உடம்பு உளைவு, சில வேளை காய்ச்சல் இருக்கும், சளி போகப் போகத் தடிக்கும். ஒவ்வாமையில் காய்ச்சல் வராது. அரிப்புத்தான் அதன் அடையாளம். மூக்கு, கண், அண்ணம், காது எல்லாம் அரிக்கும். சளி தெளிந்த தண்ணீராகவே இருக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். "ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பு, இரத்தம், துர்நாற்றச் சளி, முகத்தில் நோவு, இவை இருந்தால் அது வேறு கதை. ஒவ்வாமை என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது, பிள்ளை" என்றும் சொன்னார்.

அப்புறம் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது. "மெத்தைக்கு எத்தனை வயது?"

பதினான்கு. என் கலியாணத்துக்கு அம்மா செய்வித்துத் தந்த இலவம் பஞ்சு மெத்தை. மகள் பிறந்த நாளிலிருந்து அதில்தான் படுக்கிறாள்.

தூசு என்றால் நாம் வீதியில் பறப்பதைத்தான் நினைக்கிறோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் செம்மண் வந்து ஜன்னல் கம்பியில் படிகிறதே, அதை. அந்த மண் மூக்கை உறுத்தும், சில தும்மல் வரவைக்கும், ஆனால் எங்களைப் போன்றவர்களின் வருத்தத்துக்கு வேர் அது இல்லை. வீட்டுக்குள் இருக்கும் தூசில் வாழும் ஒரு சிற்றுண்ணிதான் வேர். ஒரு மில்லிமீற்றரில் கால் பங்கு அளவு, வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. கடிக்காது, இரத்தம் குடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. தண்ணீர் குடிப்பதும் இல்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. உணவும் ஈரமும் இளஞ்சூடும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் மனிதன் எட்டு மணி நேரம் படுத்திருக்கும் மெத்தையைவிட வேறு எது? நமக்கு ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் அதன் எச்சத்தில் உள்ள புரதம். உடம்பு அதைப் பகையென்று எண்ணிப் பிறபொருளெதிரி என்ற எதிர்ப்புப் புரதத்தை உருவாக்குகிறது. அடுத்த தடவை மூக்குக்குள் அது போனதும் ஹிஸ்டமின் என்ற இரசாயனம் உடம்பில் வெளிப்பட்டு வீக்கம், அரிப்பு, ஒழுக்கு எல்லாம் வருகின்றன. வீட்டுத் தூசு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது வைத்தியர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்திருந்தாலும், தூசில் உள்ள குற்றவாளி இந்தச் சிற்றுண்ணிதான் என்று நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியது 1964இல்தான்.

உட்துறைமுகத்து ஈரக்காற்று எங்கள் வீட்டுக்குள் நேரே வருகிறது. மாரியில் படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதி வியர்த்து நிற்கும். கொப்பியில் மழை நாட்கள் ஏன் அப்படி நிறைந்திருந்தன என்பது அப்போது விளங்கியது.

உறுதிப்படுத்துவதற்காகத் தோல் சோதனைக்குக் கொழும்புக்குப் போனோம். ஒவ்வாமை மாத்திரைகளை ஏழு நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள், இல்லாவிட்டால் தோல் பதில் சொல்லாது. மூக்கு ஸ்பிரேயையும், நெஞ்சு இழுப்புக்கு வாயால் உறிஞ்சும் பம்பையும் நிறுத்தத் தேவையில்லை என்றார்கள். அந்த ஏழு நாட்களும், இரவுப் புகையிரதத்தின் மெத்தை இருக்கையும் மகளுக்குப் பெரும் பாடாக இருந்தன. சோதனை என்று கேட்டதும் ஊசி ஏற்றுவார்கள் என்று பயந்திருந்தாள். அப்படி எதுவும் இல்லை. முன்கையின் உட்புறத்தில் பேனாவால் இலக்கம் எழுதி, ஒவ்வொரு இலக்கத்துக்குப் பக்கத்திலும் ஒரு துளி வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துளி வெறும் உப்புநீர், ஒரு துளி ஹிஸ்டமின், மற்றவை சிற்றுண்ணி, கரப்பான் பூச்சி, பூனை, பூஞ்சணம் என்று. துளியின் ஊடாகத் தோலின் மேற்பரப்பில் மட்டும் ஒரு சிறு குத்து. இரத்தம்கூட வரவில்லை. கையை அசைக்காமல் பதினைந்து நிமிடம் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்திலேயே சிற்றுண்ணித் துளி இருந்த இடம் நுளம்பு கடித்தது போல வெளுத்துத் தடித்து, சுற்றிலும் சிவந்தது. "அம்மா, சொறியட்டுமா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அளவுகோல் வைத்து அளந்தார்கள். மூன்று மில்லிமீற்றரோ அதற்கு மேலோ தடித்தால் கணக்கில் எடுப்பார்களாம், அவளுக்கு ஏழு. எனக்கு ஐந்து, கரப்பானுக்கும் கொஞ்சம்.

துணித் தூசுக்கு ஒரு துளி இல்லையா என்று கேட்டேன். துணிப் பஞ்சு மூக்கை உறுத்தும், ஆனால் உங்கள் கொப்பி சொல்லும் கதை அதுவல்ல என்றார்கள். சோதனையில் தடிப்பது மட்டும் நோய் ஆகாது, அதற்குப் பொருத்தமான தொந்தரவும் இருந்தால்தான் நோய் என்பதையும் அங்கேதான் கேட்டறிந்தேன். சிற்றுண்ணியிலும் இறால், நண்டிலும் ஒரே வகையான புரதம் ஒன்று இருப்பதால், இறால் சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா, உடம்பு தடிக்கிறதா என்றும் விசாரித்தார்கள். எங்களுக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. அப்படியானால் தாராளமாகச் சாப்பிடுங்கள், காரணமில்லாமல் எதையும் விலக்காதீர்கள் என்றார்கள். மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கும், தோல் வருத்தம் கடுமையாக உள்ளவர்களுக்கும் இரத்தச் சோதனை இருக்கிறது.

வீட்டுக்கு வந்து முதலில் மெத்தையின் ஒரு மூலைத் தையலைப் பிரித்தேன். முகத்தில் இரண்டு முகக்கவசம். உள்ளே பஞ்சு இழையாக இல்லை. பொடிந்து, மஞ்சளித்து, விரலில் மாப் போல ஒட்டியது. வெயிலில் போட்டு வைத்திருப்போமா என்று மாமி கேட்டார். கடும் வெயிலில் காய்ந்தால் சிற்றுண்ணி சாகும்தான், ஆனால் பதினான்கு வருட எச்சம் உள்ளேயே இருக்கும். அம்மாவின் ஞாபகமாக மேலுறைத் துணியில் ஒரு முழம் மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மெத்தையை அப்புறப்படுத்தினோம்.

புதிய மெத்தைக்கு முதல் நாளிலேயே நாலு பக்கமும் மூடும் உறை போட்டோம். இங்கே என் தொழில் கைகொடுத்தது. சிற்றுண்ணியின் எச்சத் துணிக்கை ஒரு மில்லிமீற்றரை நூறு பங்காக்கினால் ஒரு பங்குக்குச் சமமான பருமன், அதைவிடப் பெரிதும் இருக்கும். அதைத் தடுக்க வேண்டுமானால் நெசவு மிக நெருக்கமாக இருக்க வேண்டும். இதற்கென்றே செய்த உறை கடையில் கிடைத்தால் அதுதான் நல்லது. மகளின் மெத்தைக்கு அப்படி ஒன்று வாங்கினோம். தலையணைகளுக்கு நானே தைத்தேன். பஞ்சு கசியாத நெருக்கமான தலையணைத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, வாயை வைத்து ஊதிப் பார்த்து, காற்று சிரமப்பட்டுப் போகும் துணியாகத் தெரிந்தெடுத்து இரட்டையாகப் போட்டேன். வழக்கமான 14ஆம் இலக்க ஊசியைக் கழற்றிவிட்டு 9ஆம் இலக்க ஊசி போட்டேன், ஏனென்றால் பெரிய ஊசியின் துளையே ஒரு வாசல். விளிம்பை இரண்டு தடவை மடித்துத் தைத்து, ஸிப்பின் மேலே ஒரு துணி நாக்கு வைத்து மூடினேன். பிளாஸ்டிக் தாளால் மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் ஊர் வெக்கையில் பிள்ளை வியர்த்து எழுந்துவிடும்.

ஆனால் உறை போட்டுவிட்டோம், வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. உறை மட்டும் தனியே பெரிதாகப் பலன் தராது. விரிப்பும் தலையணை உறையும் கிழமைக்கு ஒரு தடவை 60 பாகை செல்சியஸ் சூட்டுத் தண்ணீரில் ஊற வேண்டும். எங்களிடம் சூடாக்கும் சலவை இயந்திரம் இல்லை. கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வருகிறது. கை வைக்க முடியாது, தடியால்தான் கிளற வேண்டும், பிள்ளைகளை அண்டவிடக் கூடாது. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் தோய்த்தால் என்ன என்று மகள் கேட்டாள். அது நாம் குளிக்கும் சூடுதான், சிற்றுண்ணியும் அதைத் தாங்கிக்கொள்ளும் என்று விளங்கப்படுத்தினேன். அவள் கட்டிப்பிடித்துத் தூங்கும் கரடிப் பொம்மை சூடு தாங்காது. அதைப் பையில் கட்டிக் குளிரூட்டியின் உறைதட்டில், மீன் பொதிகளுக்குப் பக்கத்தில், ஒரு நாள் முழுவதும் வைத்துவிட்டுப் பிறகு கழுவிக் காயவைப்போம். உறைகுளிர் சிற்றுண்ணியைக் கொல்லும், ஆனால் எச்சத்தை எடுக்காது. அதற்குத்தான் கழுவுவது.

தும்புத்தடியால் வறட்டுத் தரையைக் கூட்டுவதைப் படுக்கையறையில் நிறுத்தினேன். ஈரத் துணியால் துடைக்கிறேன், கட்டிலின் அடியையும் காற்றாடி இறக்கைகளையும் சேர்த்து. அப்போது மகள் முற்றத்தில் இருப்பாள், தூசு அடங்க ஒரு மணி நேரம் போன பிறகே உள்ளே வருவாள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டோம். கணவர் கூரைப் பீலியின் உடைவை அடைத்தார், அடுத்த மாரியில் சுவர் அவ்வளவு வியர்க்கவில்லை. திரைச்சீலையை மெல்லிய துணிக்கு மாற்றினேன்.

சாம்பிராணி விடயம்தான் மனதுக்குச் சங்கடமாக இருந்தது. மாமி நாற்பது வருடமாக வெள்ளிக்கிழமை மாலையில் வீடெங்கும் புகை காட்டுகிறவர். புகை ஒவ்வாமையை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கையும் நெஞ்சையும் கிளறிவிடுகிறது. இதை நான் சொல்லாமல், மகளை வைத்தியரிடம் காட்டப் போகும்போது மாமியையும் கூட்டிப் போனேன். வைத்தியர் சொல்லக் கேட்டுவிட்டு வந்த மாமி, அன்றிலிருந்து சாம்பிராணித் தட்டை முற்றத்துத் துளசியடியில் வைக்கிறார். அறைக்குள் விளக்கு மட்டும். நுளம்புச் சுருளையும் விட்டுவிட்டோம். டெங்கு உள்ள ஊரில் நுளம்பை விட முடியாது, ஆகவே வலை கட்டுகிறோம், வலையையும் கழுவுகிறோம்.

மருந்து இல்லாமல் இவை மட்டும் போதும் என்று எவரும் நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி நினைத்த இரண்டு மாதம் வீணானது. மூக்கில் அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்பிரே வேலை செய்யச் சில நாட்கள், முழுப் பலன் தர இரண்டு கிழமை வரை எடுக்கும். இரண்டு நாள் அடித்துவிட்டுச் சரிவரவில்லை என்று எறிந்தவள் நான். அடிக்கும் விதமும் பிழையாக இருந்தது. தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது, சற்று முன்னே குனிய வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. நுனி நடுத்தண்டைப் பாராமல் வெளிப்புறம், காதுப் பக்கம் பார்க்க வேண்டும். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு வகை. அதை நான் மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விட்டேன், விடவிட அடைப்பு இன்னும் மோசமானது. நாலைந்து நாளுக்கு மேல் அதைத் தொடக் கூடாது என்று அப்போது எனக்கு எவரும் சொல்லவில்லை. பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமை மாத்திரை தூக்கம் தரும், அதைக் குடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்து விரலைக் குத்திக்கொண்டிருக்கிறேன். இப்போது வைத்தியர் தரும் செற்றிரிஸின் இரவில் ஒன்று போதுமாக இருக்கிறது.

மூக்கைக் கழுவுவது எங்கள் இருவருக்கும் பெரிய ஆறுதல். ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அயடீன் சேராத உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகவும் அப்பச்சோடா ஒரு சிட்டிகையும் போடுவேன். கிணற்றுத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ கொதிக்கவைக்காமல் மூக்குக்குள் விடவே கூடாது.

மகளுக்கு நெஞ்சில் இழுப்பும் இருப்பதால் பம்ப் கொடுத்தார்கள். பழுப்பு நிறம் தினமும், இழுப்பு இல்லாத நாளிலும். நீல நிறம் இழுப்பு வரும்போது. பம்ப் பழகிவிடும், பிள்ளையை அதற்கு அடிமையாக்காதே என்று உறவில் எத்தனையோ பேர் சொன்னார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு ஒரு மார்கழியில் பழுப்புப் பம்பை நானாக நிறுத்தினேன். பதினோராம் நாள் இரவு, கொட்டும் மழையில், அவள் கட்டிலில் குந்தியிருந்து தோள் ஏறி இறங்க மூச்செடுத்தாள். "அம்மா" என்ற ஒரு சொல்லை இரண்டாக உடைத்துத்தான் சொல்ல முடிந்தது. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. நீலப் பம்ப் அடித்தும் தணியவில்லை. 1990 இலக்கத்தை அழைத்தோம், அம்புலன்ஸ் வந்தது, வைத்தியசாலையில் இரண்டு நாள். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமை, விலா எலும்புகளுக்கிடையே குழி விழுதல், உதடு நீலம் பாரித்தல், நீலப் பம்ப் பயன் தராமை. இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூக்கு வருத்தத்தைக் கவனியாமல் விட்டால் நெஞ்சு வருத்தமும் அடங்காது என்று வைத்தியர் சொன்னது அதன் பிறகுதான் எனக்குள் இறங்கியது.

இன்றுவரை எழுதிவரும் கொப்பியில் கடந்த மார்கழிக்குரிய பக்கங்களை நேற்று எடுத்துப் பார்த்தேன். அந்த மாதம் முழுவதும் மூன்று இரவுகள்தான் பதிவாகியிருக்கின்றன. அதற்கு முந்திய மார்கழியில் பத்தொன்பது. மூக்கின் கோடு இன்னும் இருக்கிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பழுப்புப் பம்பின் அளவைக் குறைப்பது பற்றி அடுத்த கிளினிக்கில் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள், கொப்பியும் எங்களோடு வரும். சிற்றுண்ணிச் சாறு கொண்டு உடம்பைப் பழக்க மூன்று முதல் ஐந்து வருடம் வரை செய்யும் சிகிச்சை அவளுக்குத் தேவையா என்றும் கேட்க வேண்டும். இன்று மதியம் தயிர்ச் சட்டியின் அடியை அவளே வழித்துச் சாப்பிட்டாள்.